மீதி எவ்வளவு? எக்ஸெல்லைக் கேட்டால் மட்டும் போதுமா!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "பையன் தேர்வுக்குப் படிக்கிறான். கணக்குக்கு நல்ல சாப்ட்வேர் இருந்தால் போட்டுக் கொடுங்களேன்." பெங்களூரில் வேலை பார்க்கும் நான் தருமபுரி பக்கம் எப்போது வந்தாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். பெரும்பாலான வீடுகளில் யாரோ ஏற்கனவே ஏதோ ஒரு மாதிரித் தேர்வு சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பிள்ளை நான்கு விடைகளில் ஒன்றைக் கிளிக் செய்யும். சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. கடைசியில் மதிப்பெண் வரும். பெற்றோருக்கும் திருப்தி.

என் கருத்து வேறு. இந்த சாப்ட்வேர்கள் பிள்ளைக்கு மார்க் போடுகின்றன, கணக்கு சொல்லித் தருவதில்லை. அதிலும் வகுபடும் தன்மை, மீதி காணுதல் போன்ற கணக்குகளில் இவை நல்லதை விடக் கெடுதலே அதிகம் செய்கின்றன. அதே கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் அது போதும். எக்ஸெல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் வரும் கால்க் புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில் தான் விஷயமே இருக்கிறது.

முதலில், இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவர்களுக்காகத் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, பாடப்பகுதியில் 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000 ரூபாய். தமிழகத்துக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. நகரத்தில் இருப்பவர்களுக்கு மாதம் ஆயிரம் சிறிய தொகையாகத் தெரியலாம். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு விகிதம் மிகக் குறைவாக இருந்த மாவட்டம் எங்களுடையது. இங்கே ஒரு பெண் பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துவதா, மேலே படிக்க வைப்பதா என்று வீட்டில் பேச்சு வரும்போது, அவள் பெயரில் பாங்கில் வந்து விழும் பணம் அந்தப் பேச்சையே மாற்றிவிடும்.

அடுத்து குரூப் 4. பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்பதால் எல்லோரும் எழுதுகிறார்கள். 2022 ஜூலை 24 அன்று நடந்த தேர்வுக்கு 22 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. மொத்தம் 200 கேள்வி, 3 மணி நேரம். இதில் 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கும். மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு இரண்டுமே பாடத்திட்டத்தில் பெயர் சொல்லியே இருக்கின்றன. கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். அந்த ஒன்றரை மார்க்கில் எத்தனை ஆயிரம் பேர் முன்னும் பின்னும் ஆவார்கள் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

குறுக்கு வழி எங்கே குழியில் தள்ளும்?

சாப்ட்வேர்களிலும் சரி, யூடியூப் வீடியோக்களிலும் சரி, இந்தக் கணக்குகளுக்கு "ஷார்ட்கட்" தான் பிரதான சரக்கு. காரணம் சொல்லாமல் வழியை மட்டும் சொல்வார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஓர் எண் 7-ஆல் வகுபடுமா என்று பார்க்க, கடைசி இலக்கத்தை இரட்டித்து, மிச்சமிருக்கும் எண்ணிலிருந்து கழிக்கச் சொல்வார்கள். 343 என்றால் 34-லிருந்து 6-ஐக் கழித்து 28. அது 7-ஆல் வகுபடும், எனவே 343-ம் வகுபடும். சரியான வழி தான். இப்போது கேள்வி இப்படி வருகிறது: இன்று புதன்கிழமை என்றால் 100 நாள் கழித்து என்ன கிழமை? 100-ஐ 7-ஆல் வகுத்து மீதி கண்டால் விடை கிடைத்துவிடும். ஷார்ட்கட் தெரிந்த மாணவன் என்ன செய்வான்? 100-ல் கடைசி இலக்கம் 0. இரட்டித்தாலும் 0. 10-லிருந்து 0-ஐக் கழித்தால் 10. 10-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. புதனிலிருந்து மூன்று நாள் தள்ளி, சனி என்று எழுதுவான். நான்கு விடைகளில் சனியும் இருக்கும், கேள்வி தயாரிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் உண்மையில் 98 போக மீதி 2. விடை வெள்ளி.

எங்கே தவறியது? அந்த ஷார்ட்கட் "வகுபடுமா, வகுபடாதா" என்பதற்கு மட்டும் தான் பதில் சொல்லும். மீதி எவ்வளவு என்று சொல்லாது. ஏன் என்று பார்த்தால் ஒரு நிமிட வேலை. ஓர் எண்ணின் கடைசி இலக்கம் போக மிச்சத்தை அ என்றும், கடைசி இலக்கத்தை ஆ என்றும் வைத்துக் கொண்டால் அந்த எண் 10அ + ஆ. இதிலிருந்து 21ஆ-வைக் கழியுங்கள். 21 என்பது 7-ன் மடங்கு என்பதால் மீதி மாறாது. கிடைப்பது 10அ – 20ஆ, அதாவது (அ – 2ஆ)-வின் 10 மடங்கு. நாம் போட்ட ஷார்ட்கட் அந்த 10-ஐ விட்டுவிட்டு அ – 2ஆ-வை மட்டும் பார்க்கிறது. 7-ஆல் வகுபடுவதைப் பற்றிக் கேட்டால் 10 இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று தான். மீதியைக் கேட்டால் அந்த 10 கணக்கில் வந்தாக வேண்டும். 10-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. எனவே ஷார்ட்கட்டில் கிடைத்த மீதி 3-ஐ 3-ஆல் பெருக்க 9, அதில் 7 போக 2. சரியான விடை வந்துவிட்டது பாருங்கள்!

9-க்கு இந்தச் சிக்கல் இல்லை. 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான். ஆகவே இலக்கங்களைக் கூட்டினாலே மீதி கிடைத்துவிடும். 5,638 என்றால் கூட்டுத்தொகை 22, அதில் மீதி 4. அவ்வளவு தான். 11-க்கு இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும், ஆனால் வலது பக்கம் ஒன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 1,234 என்றால் 4 – 3 + 2 – 1 = 2. மீதி 2 தான். இடது பக்கமிருந்து போட்டால் –2 வரும், அதை 9 என்று எழுதி மார்க்கை இழக்கலாம். எந்தப் பக்கம் தொடங்கினாலும் வகுபடுவதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் பல வீடியோக்களில் இதைச் சொல்வதே இல்லை.

மாதிரித் தேர்வு சாப்ட்வேர் இந்த இடத்தில் சிவப்பு விளக்கு காட்டும். ஏன் சிவப்பு என்று சொல்லாது. பிள்ளை இன்னொரு ஷார்ட்கட்டைத் தேடிப் போகும்.

எக்ஸெல் சொன்ன பொய்

"சரி, அப்படியானால் விடையை எக்ஸெல்லிலேயே பார்த்துவிடலாமே, அது தவறாகச் சொல்லுமா?" என்று கேட்பீர்கள். சொல்லும். இப்போதே செய்து பாருங்கள்.

எக்ஸெல்லைத் திறந்து ஒரு செல்லில் ஈக்வல் குறி போட்டு, 7, அடுத்து ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு 6 (தொப்பி போன்ற குறி வரும்), அடுத்து 20 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். 7-ஐ 20 தடவை எழுதிப் பெருக்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். விடை ஏதோ புள்ளி வைத்து, நடுவில் ஓர் ஆங்கில எழுத்தோடு வரும். பயப்பட வேண்டாம். அந்த செல்லில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து பார்மட் செல்ஸ் போய், நம்பர் என்பதைத் தேர்ந்தெடுத்து, தசம இலக்கத்தை 0 ஆக்குங்கள். செல் முழுக்க வேலிக் குறியாக வந்தால் இடம் போதவில்லை என்று பொருள், காலத்தின் ஓரக் கோட்டில் இரட்டைக் கிளிக் செய்யுங்கள். இப்போது தெரியும் விடை:

79792266297612000

கடைசி இலக்கம் 0 என்கிறது எக்ஸெல். நன்றாக யோசியுங்கள். ஓர் எண் 0-வில் முடிய வேண்டுமானால் அது 2-ஆலும் 5-ஆலும் வகுபட வேண்டும். ஏழையே ஏழோடு பெருக்கிக் கொண்டிருக்கும்போது 2-ம் 5-ம் எங்கிருந்து வரும்? ஆக இந்த விடை தவறு. விண்டோஸில் உள்ள கால்குலேட்டரை சயின்டிபிக் முறைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள், 79792266297612001 என்று சரியாகச் சொல்லும்.

எக்ஸெல் கெட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அது எந்த எண்ணையும் 15 இலக்கம் வரை தான் துல்லியமாகக் காட்டும், மீதி இடங்களைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். பாங்க் கணக்கு, கடைக் கணக்கு எல்லாவற்றுக்கும் 15 இலக்கம் தாராளம். ஆனால் மீதிக் கணக்கில் நமக்கு வேண்டியதே கடைசி இலக்கம் தான், அதைத் தான் அது தூக்கி எறிகிறது. கால்குலேட்டர் கொஞ்சம் கூடுதல் இலக்கம் தாங்கும் என்றாலும் 7-ன் 100-வது அடுக்கைக் கேட்டால் அதுவும் கையை விரித்துவிடும். அது 85 இலக்க எண்.

தேர்வில் கேட்பது இதைத் தான்: 7-ன் 100-வது அடுக்கின் ஒன்றாம் இலக்கம் என்ன? எட்டாம் வகுப்புப் பிள்ளை பேப்பரில் 7, 49, 343, 2401 என்று நான்கு தடவை பெருக்கினால் கடைசி இலக்கம் 7, 9, 3, 1 என்று வருவதைப் பார்க்கும். 1 வந்துவிட்டால் அடுத்து மீண்டும் 7 தானே. ஆக நான்கு நான்காகச் சுற்றுகிறது. 100-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி இல்லை, எனவே சுற்றின் கடைசி இலக்கமான 1 தான் விடை. அரை நிமிடம் கூட ஆகாது. கோடிக் கணக்கில் கணக்குப் போடும் எந்திரம் திணறும் இடத்தில் ஒரு பென்சில் ஜெயிக்கிறது.

அட்டவணையை அது போடட்டும், பார்ப்பது நீங்கள்

அப்படியானால் கம்ப்யூட்டர் எதற்கு? அட்டவணை போடுவதற்கு. இது தான் நான் சொல்ல வந்தது.

எக்ஸெல்லில் மீதி காண ஒரு பங்ஷன் இருக்கிறது, பெயர் மாட். (இதையும் செல் பெயர்களையும் நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். மாட் என்பது எம், ஓ, டி என்ற மூன்று எழுத்து.) பி1 செல்லில் 7 என்று தட்டுங்கள். பி2 செல்லில் இப்படி:

=மாட்(பி1*7,10)

மேலே உள்ள எண்ணை 7-ஆல் பெருக்கி, 10-ஆல் வகுத்த மீதியைக் காட்டு என்று பொருள். என்டர் அழுத்திய பின் அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து நூறாவது வரிசை வரை இழுங்கள். 7, 9, 3, 1, 7, 9, 3, 1 என்று வரிசையாக வந்து நிற்கும். நூறாவது வரிசையில் 1 இருக்கும். 85 இலக்க எண் எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள். ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டோம். நீங்கள் இன்டர்நெட்டில் பணம் அனுப்பும்போது இடையில் யாரும் படித்துவிடாமல் காக்கும் ரகசியக் குறியீட்டு முறைகளில் ஒன்றான ஆர்எஸ்ஏ, 1977-ல் உருவானது, அதிலும் பிரமாண்டமான அடுக்குகளை இதே போலத் தான், மீதியை மட்டும் வைத்துக் கொண்டு கணக்கிடுகிறார்கள்.

இப்போது பிள்ளையிடம் மவுஸைக் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்து விடுங்கள். பெருக்கும் எண்ணை 7-க்குப் பதில் 2, 3, 4, 8, 9 என்று மாற்றட்டும். (முதல் செல்லிலும் அதே எண்ணைப் போட வேண்டும்.) 4-க்கு 4, 6, 4, 6 என்று இரண்டிரண்டாகச் சுற்றும். 9-க்கும் அப்படியே. 5-க்கும் 6-க்கும் சுற்றே இல்லை. அடுத்து 10-க்குப் பதில் 7-ஆல் வகுத்துப் பார்க்கட்டும். "ஏன் இது நான்கு, அது இரண்டு?" என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். வந்த பிறகு கம்ப்யூட்டரை ஆப் செய்துவிட்டுப் பேப்பரில் காரணம் தேடச் சொல்லுங்கள்.

ஈரோட்டில் பிறந்த நம் ராமானுஜன் செய்ததும் இது போல ஒன்று தான். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பது அவர் ஆராய்ந்த விஷயம். 4-ஐ 5 விதமாகப் பிரிக்கலாம், 9-ஐ 30 விதமாக, 14-ஐ 135 விதமாக. மேக்மஹோன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1 முதல் 200 வரைக்கும் இந்த எண்ணிக்கையைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டு வைத்திருந்தார். அந்த அட்டவணையைப் பார்த்த ராமானுஜன், 4, 9, 14, 19 என்று 4-லோ 9-லோ முடியும் எண்களுக்கு எல்லாம் விடை 5-ஆல் மீதியின்றி வகுபடுவதைக் கண்டுபிடித்தார். கட்டுரை வெளிவந்தது 1919-ல். அட்டவணை போட்டவர் ஒருவர், அதற்குள் இருந்ததைப் பார்த்தவர் இன்னொருவர். இன்று மேக்மஹோன் செய்த வேலையை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும். ராமானுஜன் செய்த வேலையைச் செய்ய அதில் பட்டன் கிடையாது.

தருமபுரிக்கு மணிவிழா

மீதிக் கணக்கு பள்ளிப் புத்தகத்தோடு முடிகிற விஷயமல்ல என்று காட்ட, தினசரிக் காலண்டரை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ் வருடங்கள் பிரபவ முதல் அட்சய வரை 60. அந்தச் சுற்று கடைசியாகப் பிரபவவில் தொடங்கியது 1987 ஏப்ரலில். எந்த ஆங்கில வருடமானாலும் அதிலிருந்து 1987-ஐக் கழித்து, 60-ஆல் வகுத்த மீதியோடு 1 கூட்டினால் அந்த ஏப்ரலில் பிறக்கும் தமிழ் வருடம் எத்தனையாவது என்று தெரிந்துவிடும். 2025-க்கு 38, கூட்ட 39. முப்பத்தொன்பதாவது வருடம் விசுவாவசு. பொருந்துகிறதா?

இப்போது பின்னோக்கிப் போவோம். சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவானது 1965 அக்டோபர் 2-ல். 1965-லிருந்து 1987-ஐக் கழித்தால் –22. கழித்தல் எண்ணை 60-ஆல் வகுத்தால் மீதி என்ன? எக்ஸெல் 38 என்கிறது. ஒன்று கூட்ட 39, அதே விசுவாவசு. எங்கள் மாவட்டம் பிறந்த வருடமே அறுபது கழித்துத் திரும்பி வந்திருக்கிறது! ஆனால் இதே கணக்கை சி மொழியில் புரோகிராமாக எழுதினால் மீதி –22 என்று வரும். –21-வது தமிழ் வருடம் என்று ஒன்று உண்டா? இரண்டும் கம்ப்யூட்டர் தான், இரண்டும் தத்தம் விதிப்படி சரி தான். கழித்தல் எண்ணுக்கு மீதி எப்படி எடுப்பது என்பதில் இரண்டும் வேறு வேறு வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. எங்கள் தொழிலில் இதனால் வரும் வில்லங்கங்களுக்குக் கணக்கே இல்லை. மீதி என்பது 0-வுக்குக் குறையாமலும் வகுக்கும் எண்ணை எட்டாமலும் இருக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றத்தில் சொல்லித் தருகிறார்களே, அதைக் காதில் வாங்கிக் கொண்ட பிள்ளை –22 என்ற விடையைப் பார்த்ததும் 60-ஐக் கூட்டி 38 ஆக்கிவிடும்.

இன்னொன்று. மளிகைக் கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டின் பார்கோடில் 13 இலக்கம் இருக்கும், நம் நாட்டில் பதிவு செய்தவை 890 என்று தொடங்கும். இடமிருந்து முதல், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்களை (இப்படி ஒன்று விட்டு ஒன்று) அப்படியே கூட்டுங்கள். இரண்டாம், நான்காம், ஆறாம் இலக்கங்களைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் 10-ன் மடங்கு வர வேண்டும். கடைசி இலக்கம் அதற்காகவே சேர்க்கப்பட்டது. ஏதாவது ஓர் இலக்கம் மாறிப் போனாலும் மீதி விழும், பில் போடும் கம்ப்யூட்டர் அந்த எண்ணை ஏற்காது. 8901234567890 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள், 130 வரும். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் டப்பா, பாக்கெட் எல்லாவற்றையும் எடுத்து வந்து கணக்குப் போடத் தொடங்கினால் என்னைத் திட்டாதீர்கள்.

பத்து நிமிடத்தில் பயிற்சித் தாள்

மாதிரித் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வேகத்துக்காகச் செய்யலாம். அதுவரைக்கும் பயிற்சிக் கணக்குகளை நீங்களே தயாரித்துக் கொள்ள முடியும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ராண்ட்பிட்வீன் என்ற பங்ஷன் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைத் தரும். ஏ1 செல்லில் 100 முதல் 9999 வரை ஓர் எண், பி1 செல்லில் 3 முதல் 13 வரை ஓர் எண் வருமாறு போடுங்கள். இருபது வரிசைக்கு இழுங்கள். சி காலத்தில் மாட் பங்ஷன் வைத்து விடை. ஒரு விஷயம் கவனம். ஷீட்டில் எங்கே எதைத் தட்டினாலும் இந்த எண்கள் தானாக மாறிவிடும். எனவே ஏ, பி காலங்களைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷல் போய் வேல்யூஸ் என்று கொடுத்துவிடுங்கள், கேள்விகள் நிலைத்துவிடும். சி காலத்தை மறைத்துவிட்டு பிள்ளையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 2011 முதல் அரசு கொடுத்த பழைய லேப்டாப் பீரோவில் தூங்கிக் கொண்டிருந்தால் அதிலேயே இதைச் செய்யலாம், இன்டர்நெட் கூட வேண்டாம்.

சொந்தமாகத் தயாரிப்பதில் இன்னொரு லாபம், ஊர்ப் பெயர் போட்டுக் கணக்கு அமைக்கலாம். தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பென்னாகரத்துக்கு 12 நிமிடத்துக்கு ஒரு பஸ், பாலக்கோட்டுக்கு 15 நிமிடத்துக்கு, அரூருக்கு 20 நிமிடத்துக்கு என்று வைத்துக் கொள்வோம். காலை 6 மணிக்கு மூன்றும் ஒன்றாகக் கிளம்பினால் அடுத்து எப்போது ஒன்றாகக் கிளம்பும்? 7 மணிக்கு, மீச்சிறு பொது மடங்கு 60. இதையே கொஞ்சம் திருப்பி, 12, 15, 20 ஆல் வகுத்தால் முறையே 7, 10, 15 மீதி தரும் சிறிய எண் எது என்று கேட்பார்கள். மூன்றிலும் வகுக்கும் எண்ணுக்கு 5 குறைகிறது. ஆக 60-க்கு 5 குறைவு, 55. முதல் கணக்கு புரிந்த பிள்ளைக்கு இரண்டாவது தனிக் கணக்கே அல்ல.

கடைசியாக ஒன்று. ஆரியபட்டர் 499-ல் எழுதிய நூலில் இவ்வகைக் கணக்குகளுக்கு ஒரு பொது வழி இருக்கிறது. குட்டகம் என்று அதற்குப் பெயர். அதற்கு ஏழாம் நூற்றாண்டில் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் ஓர் உதாரணம் தருகிறார்: 8-ஆல் வகுத்தால் மீதி 5, 9-ஆல் வகுத்தால் மீதி 4, 7-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த எண் எது? எக்ஸெல்லில் ஏ காலத்தில் 4-ல் தொடங்கி ஒன்பது ஒன்பதாக ஏற்றிக் கொண்டே போங்கள்: 4, 13, 22, 31. பி காலத்தில் 8-க்கான மீதி, சி காலத்தில் 7-க்கான மீதி. 5-ம் 1-ம் ஒரே வரிசையில் வருவது பத்தாவது வரிசையில், 85. இப்போது பி காலத்தை மட்டும் பாருங்கள். 5 வருவது 13-லும் 85-லும். இடைவெளி 72, அதாவது 8 × 9. அடுத்த 5-ம் 72 தள்ளித் தான் வரும். இதைக் கவனித்துவிட்ட பிள்ளை தேர்வு அறையில் பத்து வரிசை எழுதாது. 13-ஐ 7-ஆல் வகுத்துப் பார்க்கும், மீதி 6. அதோடு 72 கூட்டி 85-ஐ வகுத்துப் பார்க்கும், மீதி 1. இரண்டே வகுத்தலில் விடை. இதே மீதிகளைத் தரும் அடுத்த எண் எது என்று கேட்டால் 504-ஐக் கூட்டி 589 என்று எழுதும்.